பொங்கல் பெரியப்பா

சேலம், நாமக்கல் சமவெளிகளில் மார்கழிக் கடைசியில் தலைகாட்டித் தை நான்காம் நாள் மறைந்துவிடும் மனித வகையொன்று உண்டு. அதற்கெனத் தனிப்பெயர் வழக்கில் இல்லாமையால் இங்கே 'பொங்கல் பெரியப்பா' என்று வைத்துக்கொள்ளலாம். இப்பெயரிலுள்ள 'பெரியப்பா' உறவுமுறையைக் காட்டிலும் தோரணையையே குறிப்பதாகும். அவர் சித்தப்பாவாகவோ மாமனாகவோ இருக்கலாம். ஆனால் ஐம்பதைக் கடந்தவராகவும், ஊரை விட்டுப் போய்ப் பிழைத்தவராகவும், 'அப்பல்லாம்' என்று பேச்சைத் தொடங்குபவராகவும் இருத்தல் இன்றியமையாதது. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததை அவர் இன்னும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. பரமத்தி வேலூரில் நின்றுகொண்டும் 'நம்ம சேலம் ஜில்லாவுல' என்றே சொல்வார்.

இவ்வகையில் உட்பிரிவுகளும் உள. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு, அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு, வடமாநிலங்களில் காலம் கழித்தவர் ஊருக்கு வந்ததும் தூங்குவாரே தவிர நினைவுகூர்வது குறைவு. சென்னையிலோ பெங்களூரிலோ முப்பதாண்டுகள் நாற்காலியில் அமர்ந்து ஓய்வு பெற்று வருபவரிடமே இவ்வியல்பு முற்றிப் பழுத்திருக்கக் காணலாம்.

அவருடைய இளமைக்கால நினைவுகளில் முதலிடம் குளிருக்கு. பல் கிட்டிப்போயிற்று என்றும், பாட்டி போட்ட விறகுக் கணப்பை விட்டு எழுந்தால் உயிர் தங்காது என்றும் அவர் விவரிக்கும் அக்குளிர், ஜனவரி விடியலிலும் சராசரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் இச்சமவெளியில் எங்கிருந்து வந்தது என்பது ஆராயத்தக்கது; ஏற்காட்டுக் குளிரை அவர் கீழே இறக்கிக்கொண்டார் போலும். அடுத்தது வாய்க்கால். பொங்கலன்று விடியற்காலையில் மேட்டூர்க் கிழக்குக்கரை வாய்க்காலில் இருகரையும் தொட்டு ஓடிய தண்ணீரில் தலைகுப்புறக் குதித்ததாக அவர் சொல்வது வழக்கம். அவ்வாய்க்காலுக்கோ ஆகஸ்டு 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் தண்ணீர் விடுவதே பொதுவான முறை என்பதால், தைப் பிறப்பன்று அவர் அப்படிக் குதித்திருப்பின் பெரும்பாலும் தலை சேற்றிலும் கால் வானத்திலுமாக நின்றிருப்பார். அனுமன் ஜெயந்தியன்று நாமக்கல் ஆஞ்சநேயருக்குச் சாத்தும் வடை அப்போது வட்டல் அகலம் இருந்தது என்பதும் அவர் கட்சி. வட்டல் என்பது இப்பகுதியில் சோறுண்ணும் தட்டுக்குப் பெயர். அந்த அகலத்தில் 1,00,008 வடைகளைக் கோத்துச் சாத்தினால் 18 அடி உயரச் சிலையில் கண்ணாவது வெளியே தெரியுமா என்று பிள்ளைகள் கேட்டால், 'அப்பல்லாம் தெரிஞ்சுது' என்பது அவர் விடை.

இவற்றினும் விந்தையானது போகி. பழையன எரித்து, பிள்ளைகள் சிறுமேளம் கொட்டும் போகி சென்னைப் பக்கத்து வழக்கம். கொங்கு நாட்டைச் சேர்ந்த இவ்வூர்களில் அந்நாளின் சிறப்பு காப்புக் கட்டுதலே. வேப்பிலை, ஆவாரம்பூ, வெண்கதிராய்ப் பூக்கும் பூளைப்பூ ஆகியவற்றைச் சிறு கொத்தாகச் சேர்த்து, வீட்டு எரவாணம், மாட்டுப்பட்டி, கிணறு, வயல் என எல்லா இடத்திலும் செருகிவைப்பதற்கே அப்பெயர். பெரியப்பாவோ சென்னையில் நெடுங்காலம் இருந்த பழக்கத்தில் அங்கே கேட்ட மேளத்தையும் தம் பிள்ளைப்பருவத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, 'மேளச் சத்தமே இல்லாம இதென்ன நோம்பி?' என்று ஊரார் மேல் வருத்தப்படுகிறார். நோம்பி என்பது பண்டிகைக்குக் கொங்கு வழக்கு.

ஆயினும் அவரை முற்றிலும் பொய்யர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. வெல்லத்தைப் பற்றிப் பேசும்போது அவர் நம்பத்தக்கவர். பிலிக்கல்பாளையம், ஜேடர்பாளையம் பக்கத்து ஆலைக்கொட்டகையில், அதாவது கரும்பைப் பிழிந்து சாறு காய்ச்சும் கொட்டகையில், அகன்ற கொப்பரையில் பாகு திரளும்போது எழும் மணத்தையும், வாழையிலைக் கிழிசலில் ஆள்காரர் ஊற்றித் தந்த சூட்டுப்பாகை ஆறும்வரை பொறுக்காமல் வழித்து நாக்கைச் சுட்டுக்கொண்டதையும் அவர் சொல்லும்போது குரல் தானே தாழ்ந்துவிடும்; 'அப்பல்லாம்' என்ற சொல் ஒருமுறைகூட வராது. உண்மை நினைவையும் ஒப்பனை நினைவையும் பிரித்தறிய இதைவிடச் சிறந்த உரைகல் கிடைத்ததில்லை.

காப்புக் கட்டும் மாலையில் அவரை நேரில் காண்பது பயனுடைத்து. ஏணியின் மேல்படியில் நிற்பவர் ஊரிலேயே இருந்துவிட்ட தங்கை. இடுப்பில் செருகிய முந்தானை, பல்லிடுக்கில் கடித்த சணல் கயிறு, கையில் பூளைக்கொத்து. கீழே நாற்காலியில் பெரியப்பா. ஆவாரம்பூ முன்னால் வரவேண்டும், வேப்பிலை பின்னால் போகவேண்டும், தாம் கட்டிய காலத்தில் முடிச்சு இப்படியா இருந்தது என்று மூன்று கொத்து வரை அவர் சொல்லிக்கொண்டிருக்க, நான்காவது கொத்தில் தங்கை கயிற்றை வாயிலிருந்து எடுக்கிறார்.

"நீங்க எப்பங்கண்ணா ஏணி ஏறுனீங்க? அப்பவும் கீழதான் நின்னீங்க. கரும்பு கடிச்சுட்டு நின்னீங்க."

நடு வயதைக் கடந்தோர்க்குப் பத்திலிருந்து முப்பது வயதுவரை நிகழ்ந்தவையே மிகுதியாக நினைவில் நிற்கும் என்று உளவியலார் கண்டிருக்கின்றனர். தங்கைக்கும் அதே வயதுகளே நினைவில் நிற்கின்றன; ஆனால் அவருக்கு எஞ்சியவை நாலு மணிக்குச் சாணம் கரைத்து வாசல் தெளித்ததும், பச்சரிசி புடைத்ததும், மாட்டுப் பொங்கலன்று பட்டியில் மண்ணும் சாணமும் குழைத்துச் சிறு தெப்பக்குளம் கட்டியதும் ஆகும். பால் கலந்த நீர் நிறைத்த அக்குளத்தைக் கன்று மிதித்துக் கடக்கும்போது வட்டலைத் தட்டிக் கூவியவர் மட்டும் அண்ணன். அதை அவர் இன்றும் குறைவறச் செய்கிறார்.

தை நான்காம் நாள் பெரியப்பாவின் கார் சென்னைக்குத் திரும்புகிறது. கூரைமேல் கரும்புக்கட்டு, பின்புறம் நிலக்கடலை மூட்டை, முருங்கைக்காய், உருண்டை வெல்லம். கட்டி ஏற்றியவர் தங்கை மகன். பொங்கல் முன்போல் இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே அவர் போகிறார். எரவாணத்தில் செருகிய பூளைக்கொத்து காய்ந்து சருகாகி அடுத்த மார்கழி வரை அங்கேயே இருக்கும். அதை எடுத்துப் போட்டுப் புதியது கட்டப்போகிறவரும் அந்தத் தங்கைதான்.