உறை போட்ட நட்சத்திரம்

நட்சத்திரத்துக்கு உறை உண்டு என்பது பட்டாளத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஜெனரல் காரின் முன்னால் ஒரு தகடு. பிரிகேடியருக்கு ஒரு நட்சத்திரம், மேஜர் ஜெனரலுக்கு இரண்டு. சாப் ஏறினால் உறையைக் கழற்ற வேண்டும், இறங்கினால் மாட்ட வேண்டும். என் மரியாதைக்கு அந்த உறைதான் சுவிட்ச். கழற்றியிருந்தால் கேட்டில் தடுப்புக் கம்பு மேலே போகும், காவலுக்கு நிற்கிறவன் விறைத்து சல்யூட் அடிப்பான். சாபை இறக்கிவிட்டு, உறையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தால் அதே ஆள் ஜன்னலைத் தட்டுவான்: "கார் டைரி எடு."

எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போவது அதிசயமில்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். நான் போனது 1984-ல். பெங்களூரு ஏ.எஸ்.சி. சென்டரில் சக்திமான் லாரியோடு மல்லுக்கட்டிய என்னிடம் பிற்பாடு பஞ்சாபில் ஜெனரலின் அம்பாசடரைக் கொடுத்தார்கள். எருமை மேய்த்தவனைக் கோயில் யானைக்குப் பாகனாக்கிய மாதிரி. டிசம்பர் விடியலில் அந்த யானை எழுந்திருக்காது. சோக்கை இழுத்துப் பிடித்து, கெஞ்சி, சாப் வாசலுக்கு வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் உறுமலோடு நிறுத்தியாக வேண்டும்.

லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையில் இடம் காலி பண்ணித் தருவார்கள். "ஏம்ப்பா, ஜெனரல் கூடவே இருக்கியே, சண்டை வருமா?" என்று கேட்பார்கள். நான் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது" என்பேன். உண்மையில் எனக்குத் தெரிந்த ராணுவ ரகசியம் இரண்டுதான்: சாபுக்கு இடது முழங்கால் வலி, ரயில்வே கேட் தாண்டினால் தூங்கிவிடுவார். மற்றதெல்லாம் பின் சீட்டில் இங்கிலீஷில் நடக்கும். டிரைவருக்கு இங்கிலீஷ் வராது என்று அவர்கள் நம்பினார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

1996-ல் சாப் ஓய்வு பெற்றார். பெரிய அதிகாரி விடைபெறும்போது அவர் நிற்கிற ஜீப்பைக் கயிறு கட்டி மற்றவர்கள் இழுத்துப் போவது பட்டாளத்து வழக்கம். செவ்வந்தி மாலை போட்ட ஜீப். பின்னால் சாப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஸ்டியரிங்கில் நான். எஞ்சின் அணைத்து, கியர் நியூட்ரல். முன்னால் இரண்டு வரிசைக் கயிறு. கர்னல்கள், பிரிகேடியர்கள், லீவு கேட்டுப் போனால் என்னை வாசலில் நிற்க வைத்தவர்கள், எல்லோரும் வெள்ளைக் கையுறையோடு என் வண்டியை இழுக்கிறார்கள். சுபேதார் மேஜர் பக்கத்திலேயே நடந்து வந்து, "பிரேக்கில் கால் இருக்கட்டும், கர்னல் சாபை இடித்துத் தொலைக்காதே" என்று பல்லைக் கடித்தார். நூறு கஜம் இருக்கும். சாப் அழுதார். எனக்கு அழ நேரமில்லை, சரிவு வந்துவிட்டது.

2001-ல் நானும் வெளியே வந்தேன். எனக்கு யாரும் கயிறு கட்டவில்லை. காட்பாடிக்கு ரயில் டிக்கெட் கொடுத்தார்கள். ஒரே பதவி, ஒரே ஓய்வூதியத் திட்டம் வந்தபோது டீக்கடைக்காரர், "அப்ப உனக்கு ஜெனரல் பென்ஷனா?" என்றார். பின் சீட்டுப் பதவியை அதில் சேர்க்கவில்லை என்று சொல்லிப் புரியவைக்க ஒரு டீ செலவானது.

இப்போது சொந்தக் கார், செல்போனில் சவாரி. காட்பாடி ஸ்டேஷனிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு. வங்காளம், ஜார்க்கண்ட் என்று வந்து இறங்குகிறவர்களுக்கு என் பட்டாளத்து இந்தி தேவாமிர்தம். இறங்கியதும் நட்சத்திரம் போடுகிறார்கள். இந்திய ராணுவத்தில் ஃபீல்டு மார்ஷலாகி ஐந்து நட்சத்திரம் பெற்றவர்கள் கரியப்பாவும் மானெக்‌ஷாவும்தான். எனக்கு நல்ல நாளில் ஏழெட்டுப் பேர் தருகிறார்கள். நாலு போட்டால் ராணுவத் தளபதி அந்தஸ்து. ஆனால் செல்போன், சேவையை மேம்படுத்திக்கொள் என்று எச்சரிக்கிறது.

போன மாசம் ஸ்டேஷன் வாசலிலேயே பேட்டரி செத்துப்போனது. உள்ளே ஒரு முதியவரும் மூன்று மகன்களும். மகன்கள் இறங்கினார்கள். பெரியவர் மட்டும் பின் சீட்டில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர்கள் தள்ள, நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. ஒரு நிமிஷம் கண்ணாடியில் பார்த்தேன். பட்டாளத்தில் அது தப்பு. இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் மூத்த மகன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "பையா, தள்ளினதுக்கு அம்பது ரூபாய் குறைச்சுக்கோங்க" என்று இந்தியில் சொன்னார். குறைத்துக்கொண்டேன். சாயங்காலம் பார்த்தால் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார்.

லெப்டினன்ட் ஜெனரல். எங்கள் சாப் இரண்டோடு போனவர்.