தாது வருஷத்துப் பெரியப்பா

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பெரியப்பா காலமானார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. அவர் படம், பக்கத்தில் ஒரு விளக்கு, கீழே ‘இன்று இவரது நினைவு நாள்’ என்று ஒரு வரி. படத்தை மட்டும் பார்த்த கோயம்புத்தூர் சித்தி, ‘எப்ப எடுக்காங்க?’ என்று கேட்டாள். துபாய் மச்சான் விமான டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கினான். குழுவில் முதல் ஆளாகக் கைகூப்பும் பொம்மையைப் போட்டு அஞ்சலி செலுத்தியிருந்தவர் பெரியப்பா. கண்ணாடி போடாமல் பார்த்தாராம்.

கண்ணாடி போட்ட பிறகு எனக்கு போன் வந்தது.

“ஏலே, நான் எட்டு வயசுல செத்துட்டேன்னு போட்டிருக்கே, அப்ப ஒங்க பெரியம்மையக் கட்டினது யாருல?”

கொலையாளி அவருடைய சொந்தப் பேரன்தான். நியூஜெர்சியில் இருக்கிறான். 2020 ஊரடங்கில் வேறு வேலையில்லாமல் ஒரு வம்சாவளிச் செயலியில் எங்கள் குடும்ப மரத்தை நட்டான். கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்து, ‘தெரிந்ததை நிரப்புங்கள்’ என்றான். எங்கள் வீட்டில் தெரியாதது என்று யாருக்கும் எதுவும் கிடையாது. ஒரே வாரத்தில் இருநூறு பேர் முளைத்துவிட்டார்கள்.

முதல் தகராறு குடும்பப் பெயரில் வந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் செயலி நகராது. எங்களுக்கு இருப்பது இனிஷியல். அதையே போட்டோம். தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறுமே! அப்பா ஒரு வம்சம், பிள்ளை வேறு வம்சம் என்று பிரித்து வைத்துவிட்டது. பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரையும் ‘அங்கிள்’ என்று ஒரே கொட்டடியில் அடைத்தது. சொத்துத் தகராறு உள்ள வீட்டில் இது எவ்வளவு அபாயம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

அடுத்து ஆச்சி. என் அப்பா கட்டியது அவருடைய அக்காள் மகளை. ஆகவே என் மூத்த அத்தைதான் அம்மாவைப் பெற்ற ஆச்சியும். எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டு யாரும் புருவம் தூக்க மாட்டார்கள். அப்பா வழியில் ஒருவரும் அம்மா வழியில் ஒருவருமாக ஆச்சியை நாங்கள் இரண்டு தடவை ஏற்றிவிட்டோம். செயலி கேட்டது: ‘இவ்விருவரும் ஒருவரா? ஒன்றிணைக்கவா?’ பேரன் ‘ஆம்’ அமுக்கினான். சரியாகத்தான் அமுக்கினான். அதில்தான் கெட்டது. அன்று முதல் அது எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்பது அவனுக்குப் பழகிவிட்டது.

இந்த நேரம் பார்த்து மச்சிலிருந்த தகரப் பெட்டியில் பூட்டனாரின் ஜாதக ஓலை கிடைத்தது. விரல் அகலம், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது, எழுத்தில் ஒரு புள்ளி கிடையாது. விளக்குத்திரிக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவியதும் கீறல் மேலெழும்பி வந்தது. செல்போனில் படமெடுத்து, பெரிதாக்கிப் பெரிதாக்கி, நாலு நாடுகளில் இருந்தவர்கள் சேர்ந்து இரண்டு இரவில் வாசித்தோம். நாலு பேர் ஒரு திண்ணையில் கூடியிருந்தால் முதல் வரியிலேயே சண்டை வந்திருக்கும். தொழில்நுட்பத்துக்கு இந்த ஒரு கும்பிடு போடலாம். கிடைத்தது இவ்வளவுதான்: தாது வருஷம், ஆவணி மாசம்.

தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது 1996-லும் வந்தது, 1936-லும் வந்தது, 1876-லும் வந்தது. பேரன் இணையத்தில் தேடி நடுவிலிருந்த 1936-ஐ எடுத்துப் போட்டான். பெரியப்பா பிறந்ததும் அதே தாது, அதே ஆவணி. தாத்தா பெயர் பேரனுக்கு என்ற முறைப்படி பூட்டனார் பெயரே அவருக்கும். (அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அப்பாவைப் பெற்ற ஆச்சி கடைசிவரை மகனைப் ‘பெரியவன்’ என்றே கூப்பிட்டாள். எனக்கு மட்டும் என்ன வந்தது?) ஒரே பெயர், ஒரே வருஷம், ஒரே மாசம், ஒரே ஊர். ‘ஒன்றிணைக்கவா?’ என்றது. ‘ஆம்.’

பூட்டனார் 1944-ல் போய்ச் சேர்ந்தவர். எனவே பெரியப்பா எட்டு வயதில் நான்கு பிள்ளைகளை விட்டுவிட்டுக் காலமானார். என் தாத்தா 1908-ல் பிறந்தவர். ‘மகன் பிறந்து 28 ஆண்டுகள் கழித்துத் தந்தை பிறந்துள்ளார், சரிபார்க்கவும்’ என்று செயலியும் சிவப்பில் மன்றாடியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

ஒன்றிணைக்க ஒரு பொத்தான். பிரிக்க மூன்று வாரம். அதிலும் இரண்டு பேரில் யார் எப்போது பிறந்தார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று பேரன் பிடிவாதம் பிடித்தான். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் மார்மன் சபையார் கருங்கல் மலையைக் குடைந்து ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறார்கள். 1938 முதல் உலகமெங்கும் எடுத்துச் சேர்த்த 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை 2021-ல் முழுக்க டிஜிட்டலாக்கி முடித்தார்கள். யாத்திரை வந்தவர்களின் வம்சத்தை ஹரித்வார்ப் பண்டாக்கள் எழுதிவைத்த ஏடுகள்கூட அவர்கள் படமெடுத்தவற்றில் உண்டு. பேரன் அங்கேயும் போய்த் தேடினான். எங்கள் ஆட்கள் யாத்திரை போன அதிகபட்ச தூரம் திருச்செந்தூர்.

கடைசியில் அம்மாவைப் பெற்ற ஆச்சியிடம் போனோம். வயது தொண்ணூற்றைந்து. நாலு நிமிஷம் பத்து விநாடிக்கு ஒரு குரல் பதிவு, நடுவில் மூன்று குக்கர் விசில்.

“எங்க தாத்தா பொறந்தது தாது வருசப் பஞ்சத்துலல்லா. அவுக அம்மைக்குப் பாலு இல்ல. கத்தாழக் கிழங்கத் தின்னு உசுரு பொழச்சாளாம். அதான் தாத்தா தட்டுல ஒரு பருக்க கெடந்தாலும் எங்கள அடிப்பாக.”

சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பஞ்சம் அது. பேரன் மறுபேச்சில்லாமல் 1876 என்று திருத்தினான். ஆதாரம் என்ற கட்டத்தில் ‘ஆச்சி’ என்று போட்டான். பெரியப்பா உயிர்த்தெழுந்தார்.

பஞ்ச காலத்தில் பிழைக்க வழியின்றி இலங்கைத் தோட்டங்களுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனவர்கள் ஏராளம். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை கப்பலேறிய ஒன்றரை லட்சம் பேரின் பட்டியல் கணினியில் ஏறிவிட்டது. ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம். வெள்ளைக்காரன் கணக்குக்காக எழுதியதில் இன்று டர்பனில் இருப்பவர் தன் பூட்டனின் ஊரைக் கண்டுபிடிக்கிறார். ஊரைவிட்டு நகராத எங்களிடம் ஓர் ஓலை நறுக்கும் ஆச்சியும்தான்.

அந்த ஆச்சிக்கும் ஒன்று தெரியவில்லை: பூட்டியின் பெயர். ஊரே அவளை ‘எட்டயபுரத்தா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. பெயர்க் கட்டத்தில் அதையே போட்டிருக்கிறோம். எட்டயபுரம் பக்கம் 1900-க்குச் சற்றே பின்னால், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றுக்குப் பெண் கொடுத்த வீட்டார் யாராவது இதைப் படித்தால் அவள் பெயரைத் தெரியப்படுத்துங்கள். செயலிக்குள் மட்டும் வராதீர்கள். கடிதம் போதும்.