பந்தியில் கடைசி ஆள்

வாடே பேராண்டி. கண்ணெல்லாம் செவசெவன்னு கெடக்கே, ராத்திரி பூரா எஃப்பிஜிஏ டூல் குவார்ட்டஸ் ஓடுச்சாக்கும்? கம்பைல் பண்றது மெஷின்தானடே, நீ என்ன பக்கத்துல உக்காந்து விசிறியா வீசுன?

200 மெகாஹெர்ட்ஸ் வரமாட்டேங்குன்னு சலிச்சுக்கிடுத. 200ன்னா ஒரு கிளாக்குக்கு 5 நானோசெகண்ட். உன் டிசைன்ல முக்காவாசிப் பாதை மூணுலயே போய்ச் சேந்துருது. ஒரே ஒரு பாதைதான் ஒரு ரெஜிஸ்டர்ல கெளம்பி, பெருக்கி, கூட்டி, ஒப்பிட்டுப் பாத்து, அடுத்த ரெஜிஸ்டருக்குப் போக 6.2 எடுக்கு. கல்யாணப் பந்தியில கடைசி ஆள் பாயாசத்தை வழிச்சு முடிக்காம ஒருத்தரும் எந்திரிக்க முடியாதுல்லா? நீ முன்னாலயே சாப்ட்டு முடிச்சவனைப் போயி விரட்டிக்கிட்டு இருந்திருக்க. மூணை 2.8 ஆக்குனதுக்கு மேனேஜர்கிட்ட கைதட்டு வேற!

டைமிங் ரிப்போர்ட்டைத் தொறந்து அந்த ஒரு பாதையை மட்டும் வரிவரியாப் படி. லாஜிக்குல போன நேரம் எவ்வளவு, ரூட்டிங்ல போன நேரம் எவ்வளவுன்னு தனித்தனியாப் போட்டிருப்பான். லாஜிக்குதான் திங்குன்னா நடுவுல ஒரு ரெஜிஸ்டர் போட்டு ரெண்டா வெட்டு. விடை ஒரு கிளாக் பிந்தி வரும். அதை வாங்குற பிளாக்குக்கும் சொல்லிவையி, இல்லன்னா அது பழைய விடையை வாங்கிக்கிட்டு நிக்கும். ரூட்டிங்தான் திங்குன்னா, ஒரே ரெஜிஸ்டர் சிப்பு முழுக்க முந்நூறு எடத்துக்கு ஓடுதான்னு பாரு. அதுக்கு நகல் எடுத்து அங்கங்க கிட்டத்துல வையி.

"ரீடைமிங் ஆன் பண்ணிருக்கேன் தாத்தா, அதுவே பாத்துக்கும்"ங்கியா? லைசர்சன், சாக்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 1980கள்லயே எழுதிவச்ச கணக்குடே அது. ரெஜிஸ்டரை லாஜிக்குக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தள்ளி, நேரத்தைப் பங்கு வைக்கும். தள்ளணும்னா மொதல்ல ரெஜிஸ்டர் இருக்கணுமே! இருக்குற ஒண்ணு ரெண்டுக்கும் அசிங்க்ரனஸ் ரீசெட்டை மாட்டிவச்சிருக்க. அதை நகத்த டூல் தயங்கத்தான் செய்யும். அக்யுமுலேட்டர் மாதிரி சுத்தி வார பாதைன்னா இன்னும் மோசம். சுத்துக்குள்ள எத்தனை ரெஜிஸ்டர் இருக்கோ அத்தனையேதான் இருக்கும், ரீடைமிங் ஒண்ணைக்கூடக் கூட்டாது. அங்க நீதான் கணக்குப் போடுற முறையையே மாத்தணும்.

பொறவு சீடு. பத்து சீடு ஓட்டி ஏழாவதுல டைமிங் பச்சையா வந்துச்சோ? ஏழாம் நம்பருக்குத் தேங்காய் ஒடைச்சியாடே? பிளேஸ்மென்ட் எங்கேருந்து தொடங்கணுங்கதைத்தான் சீடு மாத்தும். நாளைக்கு நீ ஒரு வரி திருத்துனா அந்த ஏழே செவப்பாயிரும். சரியா வந்த பிளாக்கைப் பார்ட்டிஷன் போட்டு அப்படியே காப்பாத்திக்கிட்டு, மிச்சத்தை மட்டும் ஓட்டுறவன் பொழைச்சுக்கிடுவான்.

இதெல்லாம் எதுக்குன்னு உன் பக்கத்து சீட்டு மகராசன் குறுக்கு வழி கண்டுபிடிச்சானாமே? செவப்பா வந்த பாதைக்கெல்லாம் கன்ஸ்ட்ரெய்ன்ட் ஃபைல்ல 'ஃபால்ஸ் பாத்'னு எழுதிட்டானாம். நெசமாவே ஓடுற பாதையைப் பாக்காதேன்னு சொன்னா டூலும் பாக்காது, ரிப்போர்ட்டு பச்சைப்பசேல்னு வரும். ஏசி ரூம்ல போர்டும் ஓடும். சித்திரை வெயில்ல டப்பாக்குள்ள சூடு ஏறுனா சிப்பு மெதுவாகும், அன்னைக்கு விடை தப்பா வரும். அவனுக்கென்ன, போன மாசமே வேற கம்பெனிக்குப் போயிட்டான். அந்த ஃபைலுக்கு இப்ப சொந்தக்காரன் நீதானடே!