தொடை அளக்கும் தொழில்

முதலீட்டாளப் பெருமக்களே, பணத்தோடு வாருங்கள். பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்துவிட்டேன். அதைத் தீர்க்கப்போவதில்லை. தீர்ந்துவிட்டால் தொழில் எப்படி நடக்கும்? மாதச் சந்தா வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து ஆறுதல் சொல்வதுதான் திட்டம்.

டயப்பர் பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். எம் என்றால் 7 முதல் 12 கிலோ, எல் என்றால் 9 முதல் 14, எக்ஸ்எல் என்றால் 12 முதல் 17. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ. ஆக, முதல் பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளை எம்முக்கும் சொந்தம், எல்லுக்கும் சொந்தம். எதை வாங்குவது என்று கடையில் நிற்கும் அப்பனுக்குத் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. தயாரித்தவர்களுக்குத் தெரியும், சொல்லமாட்டார்கள்.

எடை ஒன்றாக இருந்தால் உடம்பும் ஒன்றாகிவிடுமா? ஒரு பிள்ளைக்குத் தொடை மடிப்பு மடிப்பாக இருக்கும். அதே எடையுள்ள இன்னொன்று நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். முன்னதற்கு எலாஸ்டிக் பதிந்து தோல் சிவக்கும். பின்னதற்கு இடுக்கு வழியே ஒழுகி, நள்ளிரவில் மெத்தை நனையும். பாட்டி வந்து "பிள்ளைக்குச் சூடு பிடிச்சிருக்கு" என்று வெந்தயம் ஊறவைப்பார். பெரிய மனிதர்கள் போடும் ஜட்டிக்குக்கூட இடுப்பளவைச் சென்டிமீட்டரில் அச்சிடுகிறார்கள். அழுவதைத் தவிர வேறு முறையீடு தெரியாத குழந்தைக்கு மட்டும், அரிசிக்குச் சாக்கு தைப்பதுபோல், கிலோக் கணக்கு.

இங்கேதான் என் செயலி நுழைகிறது. அதற்குப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். ஓர் உயிரெழுத்தை வேண்டுமென்றே விட்டிருப்போம், அப்போதுதான் நிதி வரும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, நாலு கோணத்தில் அம்மா படம் எடுத்து அனுப்ப வேண்டும். செயற்கை நுண்ணறிவு தொடையை ஆராய்ந்து, "எம் அல்லது எல்" என்று துல்லியமாகச் சொல்லும். எங்களுக்கு எந்தக் கம்பெனி கூடுதல் கமிஷன் தருகிறதோ, அதன் டயப்பர் உங்கள் பிள்ளைக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

பிறந்த மேனியாய்ப் படுத்திருக்கும் பிள்ளைகளின் படங்கள் எங்கே போகும் என்று கேட்கிறீர்களா? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. சட்டத்தை நாங்கள் மதிப்போம். குழந்தைக்கு விளம்பரம் காட்டமாட்டோம். அதன் அம்மாவுக்குக் காட்டுவோம்.

என் செயலிக்கு ஒரு போட்டியாளர் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று பேசக்கூடாது. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி. பாக்கெட்டைப் பிரித்து ஒன்று, இரண்டு என்று உதிரியாக விற்கிறாரே, அவர். "தம்பி, ஒண்ணு போட்டுப் பாருங்க, சேரலேன்னா அடுத்த சைஸ் வாங்கிக்கலாம்" என்கிறார். இந்தத் துறையில் நடக்கும் ஒரே உருப்படியான ஆராய்ச்சி அதுதான். அவருக்கு ஒரு பைசா முதலீடு வரவில்லை. பாக்கெட்டின் பின்புறம் இடுப்பளவு, தொடையளவு என்று இரண்டு வரி அச்சிட்டால் அவரும் தேவையில்லை, நானும் தேவையில்லை. ஆனால் சிரிக்கிற குழந்தை படத்துக்கும் "12 மணி நேரம் வரை" என்ற வாக்குறுதிக்கும் போக அங்கே இடமில்லையாம்!

என் செயலியில் ஒரு பொத்தான் மட்டும் கிடையாது: "கழற்றிய பிறகு". எந்த முதலீட்டாளரும் அதைக் கேட்டதில்லை.

2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்களுக்குச் சொன்னவை தெளிவானவை. மறுசுழற்சிக்கு உகந்த பொருளில் செய்ய வழி தேடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு டயப்பரையும் சுற்றிப் போட பாக்கெட்டோடு ஓர் உறை கொடுங்கள். உங்கள் வீட்டுப் பாக்கெட்டைப் பிரித்துத் தேடுங்கள். உறை கிடைத்தால் எனக்கும் காட்டுங்கள். சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடியைக் கொண்டு மூத்திரத்தைக் கூழாக்கத் தெரிந்த விஞ்ஞானத்துக்கு ஒரு காகிதப் பை செய்ய வரவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கான ஜிஎஸ்டி வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரியைக் குறைக்கத் தெரிந்த அரசுக்கு, உறை எங்கே என்று கேட்க நா எழவில்லை.

கேரி பையில் கட்டி நாம் வீசும் அந்தக் கனத்த பொட்டலம், காலையில் தூய்மைப் பணியாளர் கைக்குத்தான் போகிறது. மக்கும் குப்பையிலிருந்து அதைப் பொறுக்கி எடுத்துப் பிரிப்பவர் அவர். நம் பிள்ளையின் மலத்தை நாம் பார்க்க வேண்டாம் என்று காசு கொடுத்தோம்; அவர் பார்க்கிறார், தொடுகிறார். மிச்சம் சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் போய் மலையாகிறது. தொடைக்கு அளவு பார்க்க இத்தனை மூளைகள் முட்டி மோதுகின்றனவே, அந்தக் கைக்குக் கையுறை எந்த அளவு என்று ஒரு மூளையாவது கேட்டதுண்டா? கேட்காது. அவரிடம் சந்தா வாங்க முடியாது.

எனவே, கம்பெனிக்காரர்களே, இடுப்பளவையும் தொடையளவையும் சென்டிமீட்டரில் போடுங்கள். உறையைப் பாக்கெட்டுக்குள் வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே, வைக்காதவன் மேல் வழக்குப் போடு. அம்மா அப்பாக்களே, உறை வரும்வரை இரண்டு தாள் செய்தித்தாளில் சுற்றி, தனியாகக் கையில் கொடுங்கள். முதலீட்டாளப் பெருமக்கள் எழுந்து போகலாம். இதில் உங்களுக்கு லாபம் இல்லை.