பதினெட்டுக் குழிகளின் பரோபகாரம்

நகரத்தில் மூச்சுவிட இடமில்லை என்று புலம்புகிறவர்கள் டெல்லி கோல்ஃப் கிளப்பை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். தலைநகரின் நட்டநடுவே நூறு ஏக்கருக்கும் மேலே, மயில்களும் பழைய கல்லறை மண்டபங்களுமாக விரிந்து கிடக்கிறது. உறுப்பினராகப் பெயர் கொடுத்துவிட்டுப் பல பத்தாண்டுகள் காத்திருப்பவர்கள் உண்டு; பொறுமையை இவ்வளவு நிதானமாகச் சொல்லித்தரும் குருகுலம் இன்னொன்று இல்லை. கண்பார்வையும் அங்கே கூர்மை. 2017இல் மேகாலயப் பெண் ஒருவர் விருந்தினராக வந்து, தம் காசி இனத்து ஜைன்செம் உடையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். பார்த்தால் வேலைக்காரி மாதிரி இருக்கிறது என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள். மண்டபங்களைப் போலவே மரபையும் பழுதுபடாமல் காக்கிறார்கள்.

கல்கத்தா கிளப் 1829லேயே தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் ‘ராயல்’ பட்டம் தந்தார். ராஜா போனார், ராஜ்யமும் போயிற்று. பட்டத்தை மட்டும் விடவில்லை. நன்றி மறவாதவர்கள். எளியவர்களுக்குக் கதவு திறப்பதில்லை என்பதும் அபாண்டம். அங்கே புல்தரையைப் பராமரித்தவரின் மகன் சௌராசியா அதே மைதானத்தில் ஆடிப் பழகி, 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார். ஆகவே ஏழைப் பிள்ளைகளுக்கு வழி சுலபம்: அப்பாவுக்கு அங்கே புல் வெட்டும் வேலை கிடைத்தால் போதும்.

சிம்லா பக்கத்தில் கோல்ஃப் மைதானம் உள்ள நால்டேராவில் கர்சன் பிரபு மனம் பறிகொடுத்து, மகளுக்கே அந்த ஊர்ப்பெயரை வைத்தார். பெயரை மட்டும் சீமைக்குக் கொண்டுபோய், மலையை நமக்கே விட்டுவிட்ட பெருந்தன்மையை என்னவென்பது!

ஆனாலும் ராணுவத்தின் தொண்டுக்கு இவையெல்லாம் உறைபோடக் காணாது. பாதுகாப்புத் துறை நிலத்தில் 97 மைதானங்கள், 8,000 ஏக்கருக்கு மேல் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எண்ணிக் காட்டினார். அவற்றை கோல்ஃப் மைதானம் என்பது அறியாமை. ‘சுற்றுச்சூழல் பூங்கா மற்றும் பயிற்சிப் பகுதி’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். நாளை எதிரி நாலேகால் அங்குலக் குழிக்குள் பதுங்கினால் அவனை வெளியே எடுக்க நம்மிடம் பயிற்சி பெற்ற அதிகாரிகள் தயார்.

நம் கிண்டியை விட்டுவிட முடியாது. ரேஸ் கிளப்புக்கு 99 வருஷக் குத்தகையில் சர்க்கார் 160 ஏக்கர் கொடுத்திருந்தது. குதிரைப் பாதைக்கு உள்ளே ஜிம்கானாக்காரர்களின் கோல்ஃப். வருஷ வாடகை 614 ரூபாய்ச் சொச்சம், அதாவது ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. இந்த ஊரில் வீட்டுக்காரர் இப்படியும் இருந்தார் என்றால் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் நம்புவார்களா? அந்தத் தங்கமான வீட்டுக்காரர்தான் 730 கோடி ரூபாய் பாக்கி என்று கணக்குச் சொல்லி, 2024இல் குத்தகையை ரத்து செய்தார். போதாததற்கு, மழை வந்தால் வேளச்சேரி மிதக்கிறதாம். அதற்காக உள்ளே குளங்களையும் வெட்டினார். ஆட்டக்காரர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பந்து போய் விழத் தண்ணீர் வேண்டும் என்று மற்ற மைதானங்களில் காசு கொடுத்துக் குளம் வெட்டுகிறார்கள். இங்கே சர்க்காரே இலவசமாக வெட்டிக் கொடுத்திருக்கிறது.