ஓவர்டிரைவ் விழாமை: அளவை நூல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆராய்வதற்கு இனிப் பொருளே மிச்சமில்லை என்று அறிஞர்கள் அலுத்துக்கொள்ளும் இக்காலத்தில், பழைய பிரிட்டிஷ் காரில் ஓவர்டிரைவ் ஏன் விழவில்லை என்னும் கேள்விக்கு முறையான அளவை நூல் ஒன்று எழுதப்படாதது வியப்பே. பழுதுபார்க்கும் கையேடுகள் உண்டு. அவை ஸ்பேனரின் அளவைச் சொல்லும். ஸ்பேனரைப் பிடித்திருப்பவனின் சித்த விகாரங்களைச் சொல்லா. அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை.

ஆய்வெல்லை: இங்கிலாந்தின் கவென்ட்ரியில் உருவான ட்ரையம்ப் டி.ஆர். 2, 3, 4 ஆகிய திறந்த கார்களும், அவற்றின் கியர்பாக்ஸுக்குப் பின்னால் பொருத்தப்பட்ட 'ஏ' வகை ஓவர்டிரைவும். எம்.ஜி.பி., வால்வோ வைத்திருப்போர் தம் துயரம் புறக்கணிக்கப்பட்டதாகக் கருத வேண்டாம். பெட்டி வேறு, பிணி ஒன்றே.

முதலில் மூல வரலாறு. காப்டன் எட்கர் டி நார்மன்வில் என்பவர் வகுத்த இந்தப் பொறியை ஷெஃபீல்டின் லேகாக் நிறுவனம் செய்து விற்றது. அந்நாளில் கார்களுக்கு நான்கு கியர்தான். நாலாவதில் நீண்ட நேரம் வேகமாகப் போனால் இன்ஜின் கதறும். அதற்குப் பரிகாரமாக, ஒரு சுவிட்சைத் தட்டினால் இன்ஜின் 82 சுற்றுச் சுற்றும்போதே பின்னாலுள்ள தண்டு 100 சுற்றுச் சுற்றும்படி செய்தார்கள். கிளட்சை மிதிக்க வேண்டியதில்லை. இப்படி அது இயங்கத் தொடங்குவதே இங்கே 'விழுதல்', விடுபடுவதே 'எழுதல்'. 1953 மே மாதம் பெல்ஜியத்தின் ஜாபெக் நெடுஞ்சாலையில் கென் ரிச்சர்ட்சன் ஒரு டி.ஆர். 2-ஐ மணிக்கு ஏறக்குறைய 125 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டியபோது ஓவர்டிரைவ் விழுந்தது. இது பதிவான செய்தி. அதன்பின் அது யார் யாருக்கு விழவில்லை என்பதற்குப் பதிவேடு இல்லை.

பொறியின் உள்ளே நடப்பது இது. நடுவில் ஒரு சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிக் கோள்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். சாதாரண ஓட்டத்தில் கூம்பு வடிவக் கிளட்ச் ஒன்றை ஸ்பிரிங்குகள் பின்னுக்கு அழுத்தி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சுற்ற வைக்கின்றன. சோலனாய்டு என்னும் மின்காந்தம் ஒரு நெம்புகோலை இழுத்தால் சிறு வால்வு திறக்கும். பம்ப் சேர்த்து வைத்திருக்கும் எண்ணெய், சதுர அங்குலத்துக்குச் சில நூறு பவுண்டு அழுத்தத்தில் பாய்ந்து, கூம்பை முன்னுக்குத் தள்ளிச் சூரியனை நிறுத்திவிடும். சூரியன் நின்றால் வளையம் விரையும். வானியலுக்கு முரணான இக்கொள்கையை லட்சக்கணக்கான கார்கள் நிரூபித்துவிட்டதால் மேலும் விவாதிக்கவில்லை.

விழாமையின் காரணம் பற்றி இரு சமயங்கள் உண்டு. மின்வாதிகள், எல்லாம் கம்பியில் என்பர். எண்ணெய்வாதிகள், எல்லாம் எண்ணெயில் என்பர். இவ்விரண்டுக்கும் புறம்பாக மூன்றாம் கூட்டம் ஒன்றும் உண்டு. அது எதையும் சோதிக்காமல் கியர்பாக்ஸையே இறக்கிவிடும். சமய நூலார் இவர்களை எந்தப் பெயரால் அழைப்பார்களோ, யான் அவசரவாதிகள் என்பேன். வார இறுதி முழுவதும் இருக்கைகளையும் தரைப்பலகைகளையும் கழற்றிப் பெட்டியை மேசைமேல் ஏற்றியபின், அது மாசற்றது என்று கண்டறிவதே இவர்களது முத்தி.

சைவ சித்தாந்திகள் அறிவுக்குரிய வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகத் தொகுப்பர். நமக்கு இம்மூன்றே போதும். ஆனால் ஒரு திருத்தம்: இங்கே காண்டலைவிடக் கேட்டல் வலிது.

சாவியைத் திருப்புக, இன்ஜினைக் கிளப்பற்க. நாலாவது கியரைப் போட்டு ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுக. இரு ஒலிகள் எழ வேண்டும். ஒன்று, சோலனாய்டுக்கு மின்சாரத்தை விடும் ரிலேயின் மெல்லிய 'டிக்'. மற்றது காலடியில், சோலனாய்டின் 'தொக்'. (இந்த நிலையில் சாவியை நெடுநேரம் விட்டுவைத்தால் இக்னிஷன் காயில் சூடேறிக் கெடும். ஆய்வு வேறு, தகனம் வேறு.) இரண்டும் கேட்டால் மின்வாதம் பெரும்பாலும் வீழ்ந்தது. 'டிக்' மட்டும் கேட்டால் ரிலேயின் முனைகளோ, சோலனாய்டோ, இடையிலுள்ள கம்பியோ குற்றவாளி. இரண்டும் கேளாவிட்டால் சந்தேகம் சுவிட்சின்மேலும், கியர்பாக்ஸ் மூடிமேல் இருக்கும் தடுப்புச் சுவிட்சின்மேலும் விழுகிறது. ஓவர்டிரைவுக்கு உரிய கியர்களில் மட்டும் மின்சாரத்தை விடுவதே அத்தடுப்புச் சுவிட்சின் கடமை. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சூட்டிலும் எண்ணெயிலும் இருந்த பொருள், கடமையை மறப்பது இயல்பு.

நான் பெரிதும் வெறுப்பது இவற்றில் எதையும் அன்று, புல்லட் கனெக்டரைத்தான். கம்பியும் கம்பியும் சந்திக்கும் அந்தச் சிறு குழாயில் பச்சை பூத்திருக்கும். வோல்ட்மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். சோலனாய்டு இழுக்கத் தொடங்கியதும் வோல்ட் சரிந்துவிடும். ஆகவே சுமை ஏறியிருக்கும்போது அளக்காத வோல்ட் பொய்ச்சாட்சி. இன்னொன்று: இக்கார்கள் தொழிற்சாலையிலிருந்து பாசிட்டிவ் முனையைச் சேசிஸில் இணைத்து வந்தவை. மீட்டரின் சிவப்பு முனையைச் சேசிஸில் வைக்கும்போது கை கூசும், கூச வேண்டாம். பின்னாளில் யாரேனும் மாற்றிவிட்டார்களா என்பதை மட்டும் பேட்டரியில் பார்த்துக்கொள்க.

இனிச் சோலனாய்டு. அதனுள் இரு சுருள்கள். இழுப்பதற்கு ஒன்று, அது பதினைந்து, இருபது ஆம்பியர் விழுங்கும். பிடித்து வைத்திருக்க மற்றொன்று. அதற்கு ஓர் ஆம்பியர் அளவே போதும். உள்தண்டு முழுதாக இழுபட்டதும் பெருஞ்சுருளின் இணைப்பு தானே அறும். நெம்புகோல் சற்றே தவறாக அமைந்து தண்டு கடைசிவரை போகாவிட்டால், பெருஞ்சுருள் தொடர்ந்து குடித்துக்கொண்டே இருந்து எரிந்துபோகும். உரிமையாளர் புதுச் சோலனாய்டு வாங்குவார், அதுவும் எரியும். பிறகு சோலனாய்டு செய்தவனைச் சபிப்பார். டேஷ்போர்டிலுள்ள ஆம்பியர் மீட்டரைப் பார்த்திருந்தால் சாபம் மிச்சம்: முள் ஒருமுறை துள்ளி உடனே தணிந்தால் நலம்; துள்ளியவிடத்திலேயே நின்றால் சுவிட்சை உடனே அணைத்துவிட்டு நெம்புகோலைத் திருத்துக. திருத்தும் கருவியோ 3/16 அங்குலத் துரப்பண ஊசி. சோலனாய்டு இழுத்திருக்கும்போது நெம்புகோலின் துளையும் பெட்டியின் துளையும் நேராகி, ஊசி தடையின்றி நுழைய வேண்டும். உரை என்னும் பிரமாணத்துக்கு இதைவிடத் தெளிவான வாக்கு கையேட்டில் இல்லை.

எண்ணெய்வாதத்துக்குச் சுருக்கமாகவே இடம் தருகிறேன், ஏனெனில் அதன் முதல் கேள்விக்கே பலரிடம் விடை இராது: எண்ணெய் அளவைப் பார்த்தீரா? கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே எண்ணெயில் வாழ்கின்றன. அளவு குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது ஓவர்டிரைவே. எண்ணெய் சரியாயின், நடுச்சுரங்க மூடியைக் கழற்றி, இயக்கு வால்வின் மேலுள்ள பிளக்கைத் திறந்து, ஸ்பிரிங்கையும் எஃகுக் குண்டையும் காந்தத்தால் எடுக்கலாம். வால்வின் பக்கத்தில் ஒரு நுண்துளை உண்டு. அதில் அழுக்குத் துணுக்கு ஒன்று அடைத்துக்கொண்டால் அழுத்தம் வடியாது. விழுந்த ஓவர்டிரைவ் எழாது.

எழாமை, விழாமையினும் கொடிது. விழாத வண்டி வீடு சேரும். எழாத வண்டியில் ரிவர்ஸ் போட்டால், நிறுத்தப்பட்ட கூம்பும் ஒருவழிக் கிளட்சும் எதிரெதிரே முட்டி, உள்ளிருப்பவை நொறுங்கும். சோலனாய்டின் கம்பியைப் பிடுங்கிவிட்டதால் பிழைத்தோம் என்று எண்ணற்க. அடைப்பு எண்ணெயில் இருக்கிறது.

தீர்ப்பு: ஒலி, வோல்ட், நெம்புகோல், எண்ணெய், வால்வு ஆகிய ஐந்தையும் சோதிக்காமல் கியர்பாக்ஸை இறக்குவது பிழை. எழாமை நேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: நியூட்ரலில் போட்டுப் பின்னுக்குத் தள்ளினாலும் வண்டி நகராது, நகர்த்தவும் முயலாதீர்கள். முன்னுக்கு மட்டுமே தள்ளுங்கள்.