கூலி வாங்கினால் குற்றம்

அமெரிக்காவில் பொழுதுபோக்கு வானொலியான ஹாம் ரேடியோவுக்கு உரிமம் வைத்திருப்பவர், அடுத்தவர் செய்தியை அனுப்பிக் கொடுத்ததற்காகக் காலணா வாங்கினாலும் சட்டப்படி குற்றம். உரிமமும் சும்மா கிடைக்காது. ஆரம்பநிலைத் தேர்விலேயே 35 கேள்விகள். 26-க்குச் சரியான விடை எழுத வேண்டும். சம்பளமில்லாத வேலைக்கு இத்தனை கெடுபிடி. சம்பளமுள்ள வேலைகளுக்கு என்ன தேர்வு என்பதை 2017-இல் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவு கண்டுகொண்டது.

அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று மரியா புயல் கரையேறியது. சுமார் 34 லட்சம் பேர் வாழும் தீவு மொத்தமும் இருண்டது. நூற்றுக்கு 95 செல்போன் கோபுரங்கள் செத்தன. தீவின் மின்வாரியம் புயலுக்குக் காத்திருக்காமல் அதற்கு முன்பே விழுந்திருந்தது. சுமார் 900 கோடி டாலர் கடனோடு ஜூலையிலேயே மஞ்சள் கடுதாசி கொடுத்தாயிற்று. கிழட்டு மின்நிலையங்களும் கவனிப்பாரற்ற கம்பிகளும்தான் மிச்சம். புயல் செய்ததெல்லாம் கடைசித் தள்ளு.

ஹாம்கள் வந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் கூரையே பறந்துபோன நிலையில், நிற்கிற மரத்தில் கம்பியைக் கட்டி, கார் பேட்டரியில் கருவியை ஓடவிட்டார்கள். பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற 100 வாட்ஸ் சக்தியில், 40 மீட்டர் அலைவரிசையில் குரலை வானத்துக்கு ஏற்றிக் கடல் தாண்டி இறக்கினார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அமெரிக்க நிலப்பரப்பிலிருந்து 50 ஹாம்கள் வேண்டுமென்று கேட்டது. நூற்றுக்கணக்கானோர் கை தூக்கினார்கள். கடைசியில் போனவர்கள் 22 பேர். வீட்டையும் வேலையையும் மூன்று வாரம் விட்டுவிட்டுப் போனார்கள். பெரும்பாலும் அவர்கள் அனுப்பியது பெயர்ப் பட்டியல்தான்: இன்ன ஊரில் இன்னார் உயிரோடு இருக்கிறார். ஃப்ளோரிடாவிலும் நியூயார்க்கிலும் போனை வெறித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

மின்வாரியத்துக்கும் அவர்கள்தான் வாய். மின்நிலையத்தில் ஒரு ஹாம், துணைமின்நிலையத்தில் ஒரு ஹாம். “இந்த லைனை சார்ஜ் பண்ணலாமா?” என்ற கேள்வியும் “பொறு, ஆள் கம்பத்தில் இருக்கிறார்” என்ற பதிலும் பொழுதுபோக்குக்காரர்களின் ரேடியோவில் போக வேண்டியிருந்தது. ஒரு தீவுக்கே மின்சாரம் விற்கிற நிறுவனத்துக்குத் தன் ஆட்களோடு பேச வழியில்லை.

இனி கூலி வாங்கியவர்களைப் பார்ப்போம். மின்கம்பிகளைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒப்பந்தம் ஒயிட்ஃபிஷ் எனர்ஜிக்குப் போனது. மொன்டானா மாநிலத்துச் சிற்றூர்க் கம்பெனி. புயல் அடித்த நாளில் அதன் முழுநேர ஊழியர்கள் இரண்டு பேர். ஒரு லைன்மேனுக்கு மணிக்கு 319 டாலர் பில். செலவையும் லாபத்தையும் அரசு தணிக்கை செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி. அந்தச் சிற்றூர் அன்றைய அமெரிக்க உள்துறைச் செயலாளரின் சொந்த ஊராம். தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொல்லிவிட்டார், சந்தேகப்படுவது பாவம். ஊர் சிரித்த பிறகு ஒப்பந்தம் ரத்தானது.

சாப்பாட்டு ஒப்பந்தம் இதையும் தூக்கி அடித்தது. அட்லாண்டாவில் ஒரே ஆள் நடத்திய கம்பெனி, 3 கோடி உணவுப் பொட்டலம், மதிப்பு 15.6 கோடி டாலர். முதல் தவணை கேட்ட தேதியில் வந்து சேர்ந்தவை 50 ஆயிரம். தானே சூடாகும் உணவு வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். வந்ததோ உணவு தனி, சூடாக்கி தனி. மின்சாரமும் எரிவாயுவும் இல்லாத வீட்டில் அதை எப்படித் தின்பது என்று 35 கேள்விகளில் ஒன்றாகவாவது கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 3 அன்று அதிபர் டிரம்ப் வந்தார். கூட்டத்தைப் பார்த்துக் காகிதத் துண்டு உருளைகளைப் பந்துபோல வீசினார். திரும்பிப் போய், இரண்டு வாரம் கழித்து, தன் அரசின் நிவாரணப் பணிக்குத் தானே பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டார். நல்லவேளை, ஹாம் தேர்வில் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ள முடியாது.

எந்தச் செய்தி எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில், யாருக்குப் போனது என்று எழுதிவைப்பது ஹாம்களின் வழக்கம். சம்பளம் வாங்கும் அரசு எழுதிவைத்த கணக்கைப் பாருங்கள். அதிபர் வந்திருந்த நேரத்தில் சாவு 16. ஆண்டு முடிவில் 64. மாதக்கணக்கில் அந்த எண் 64-லேயே உட்கார்ந்திருந்தது. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வந்த பிறகு, 64 என்பது 2,975 ஆனது. ஆக்சிஜன் கருவி நின்றுபோனதால் செத்தவர், இன்சுலின் கெட்டுப்போனதால் செத்தவர், டயாலிசிஸ் கிடைக்காமல் செத்தவர்: இவர்களில் பெரும்பாலோர் அதுவரை சாகவே இல்லை. அந்த எண்ணே பொய், தன்னைக் கெட்டவனாகக் காட்ட எதிர்க்கட்சி செய்த வேலை என்று செப்டம்பரில் அதிபர் எழுதினார். செத்தவர்களும் கட்சி பார்த்துத்தான் செத்தார்கள் போலும்.

எனக்குக் கோபம் திருடர்கள்மேல்கூட அவ்வளவாக இல்லை. அவர்கள் தொழிலை ஒழுங்காகச் செய்தார்கள். பாராட்டுகிறவர்கள்மேல்தான் கோபம். புயலுக்குப் புயல் ‘தன்னார்வலர்களின் தியாகம்’ என்று கண் கலங்குகிறார்கள். சான்றிதழ் கொடுக்கிறார்கள், கேடயம் கொடுக்கிறார்கள், கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டு, தொட்டிலை ஆட்ட ஓடிவந்தவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். ஹாம்கள் இரண்டு நாள், மூன்று நாள் இடைவெளியை நிரப்பலாம். வாரக்கணக்கில் அவர்கள் தேவைப்பட்டால் அது தியாகமல்ல, இன்னொருவர் செய்யாத வேலை. மருத்துவமனையில் செயற்கைக்கோள் போன் வைக்காதவர் யார், மின்வாரியத்தின் தொடர்புக் கம்பியைப் பராமரிக்காதவர் யார் என்ற கேள்வி கைதட்டல் சத்தத்தில் கேட்பதில்லை. கைதட்டுவதே அதற்காகத்தான்.

நான் ஒரு திருத்தம் முன்மொழிகிறேன். ஹாம்களுக்கான அந்த விதியை நிவாரண ஒப்பந்தக்காரர்களுக்கும் நீட்டியுங்கள். புயலில் ஒரு காசு லாபம் பார்த்தாலும் உரிமம் பறிபோகும் என்று சொல்லுங்கள். டெண்டர் அலுவலகத்தில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். அதிகாரிகளுக்கும் 35 கேள்விகள் வைக்கலாம். முதல் கேள்வி: செத்தவர்களை எண்ணத் தெரியுமா?

தீவின் கடைசி வீடுகளுக்கு மின்சாரம் வந்து சேர 2018 ஆகஸ்ட் ஆயிற்று, ஏறக்குறைய பதினொரு மாதம். 2021 ஜூனில் மின்விநியோகம் ஒரு தனியார் கூட்டமைப்பின் கைக்குப் போனது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். 2024 டிசம்பர் 31 விடியற்காலையில் ஏறக்குறைய தீவு முழுவதும் இருண்டது. 2025 ஏப்ரல் 16 அன்று மறுபடியும் முழுத் தீவும் இருண்டது. அந்த இரண்டு நாளிலும் புயல் எதுவும் அடிக்கவில்லை.